செல்போன் சொன்னால் நம்பலாமா, ஆள் சொன்னால் நம்பலாமா?

திருமங்கலம் பக்கம் என் சித்தப்பாவுக்கு அரை ஏக்கர் மல்லிகை. போன ஐப்பசியில் ஒருநாள், மழை வாய்ப்பு 30 சதவீதம் என்று செல்போன் ஆப் காட்ட, சரி மழை இல்லை என்று மொட்டுப்புழுவுக்கு மருந்து அடித்தார். சாயங்காலமே கொட்டித் தீர்த்து மருந்தெல்லாம் வாய்க்காலோடு போனது. அன்றைக்கே ஆப்பை அழித்துவிட்டார். ஆனால் "இன்னிக்கு வராதுப்பா, தைரியமா அடி" என்று அதே மாதத்தில் மூன்று தடவை தப்பாகச் சொன்ன பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இன்றும் கேட்டுத்தான் அடிக்கிறார்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான். டீட்வோர்ஸ்ட், சிம்மன்ஸ், மாசி என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான்: கணினியின் கணிப்பு தப்பியதைக் கண்ணால் பார்த்தவர்கள், மொத்தத்தில் அதுதான் மனிதரைவிட நன்றாகக் கணிக்கிறது என்று தெரிந்தும் அதைக் கைவிட்டார்கள். ஆள் தப்பினால் "பாவம், அவர் என்ன செய்வார்" என்கிறோம், மெஷினுக்கு அந்த இரக்கம் கிடையாது.

இத்தனைக்கும் அன்றைக்கு ஆப் தப்பாகச் சொன்னது என்றே சொல்ல முடியாது. 30 சதவீதம் என்றால் அப்படிப்பட்ட பத்து நாளில் மூன்று நாள் மழை வரும் என்று அர்த்தம். ஒருநாளை வைத்து முடிவு கட்டாமல், ஆப் சொன்னது, ஆள் சொன்னது, நடந்தது மூன்றையும் ஒரு மாதம் காலண்டரில் குறித்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு, அதுதான் எனக்கு அதிகப் பயம். 2019-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரே ஆலோசனையை மனிதர் சொன்னது என்பதைவிடக் கணினி சொன்னது என்றபோது சாதாரண ஜனங்கள் கூடுதலாக ஏற்றுக்கொண்டார்கள். என் தம்பி ஏஐயிடம் பத்து லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி மருந்து என்று கேட்டான். எந்தக் கம்பெனி மருந்து, எத்தனை சதவீத வீரியம் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல் அழகான தமிழில் பதில் வந்தது. பாட்டில் லேபிளில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. உங்கள் கையில் இருக்கிற பாட்டிலை அது பார்க்கவில்லை, தமிழ் சரளமாக இருந்தால் அளவும் சரியாக இருக்கும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

மருந்துக்கடைக்காரர் சொன்னாலும் லேபிளைப் படியுங்கள், விற்பவர் அவர். அப்புறமும் சந்தேகம் என்றால் விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவி எண், கிசான் கால் சென்டர் 1800-180-1551, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை எடுப்பார்கள். பேசும்போது பாட்டில் கையில் இருக்கட்டும்.