கோடை இரவில் நிறுத்திய லாரிக்குள் புழுக்கமின்றி உறங்கும் வழிகள்

ஏப்ரல், மே மாதங்களில் நாமக்கல்லிலிருந்தோ சேலத்திலிருந்தோ சரக்கு ஏற்றிக்கொண்டு ஐதராபாத் வழியாக நாக்பூர் செல்லும் ஓட்டுநருக்கு, பகல் முழுவதும் வண்டி ஓட்டுவதைவிட இரவில் அதே வண்டிக்குள் ஐந்தாறு மணி நேரம் உறங்குவதே பெரும்பாடாகிவிடுகிறது. வெளியே காற்று ஓரளவு தணிந்த பிறகும் கேபினுக்குள் புழுக்கம் தணிவதில்லை. உறக்கம் கெட்டவர் மறுநாள் விடியற்காலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை இத்தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு 2025-ம் ஆண்டிலிருந்து கேபின் ஏசி கட்டாயமாக்கப்பட்டுவிட்டது என்றாலும், இன்று சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தையவை. தவிரவும், வண்டியோடு வரும் ஏசி பொதுவாக என்ஜின் ஓடினால்தான் குளிர்விக்கும். எனவே சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்த பிறகு என்ன செய்வது என்பதே நம் கேள்வி.

விசிறி, கூலர், ஏசி என்று செலவுக்கு இறங்கும் முன், கேபினுக்குள் வெப்பம் எந்த வழியாக வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இருக்கைகளுக்குக் கீழே இருக்கும் என்ஜின், முன்கண்ணாடி, தகரக் கூரை, வண்டி நிற்கும் தரை ஆகிய நான்கிலிருந்தும்தான் அது வருகிறது. இவற்றை அடைப்பதற்குப் பெரும்பாலும் காசு தேவைப்படாது. அடைக்காமல் விட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் பாதி இரவில் கைவிரித்துவிடும்.

இடமும் திசையும்

இரவில் உறங்குபவருக்கும், வெயிலுக்கு அஞ்சி இரவெல்லாம் ஓட்டிவிட்டுப் பகலில் உறங்குபவருக்கும் ஏற்ற இடம் ஒன்றாக இருப்பதில்லை. பகல் உறக்கத்துக்கு மர நிழல்தான் முதல் தேவை. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு அதே புளியமரம் நமக்கு எதிராக வேலை செய்யும். திறந்த வானத்தின் கீழ் நிற்கும் வண்டியின் கூரை, பகலில் வாங்கிய வெப்பத்தை வானத்தை நோக்கி உமிழ்ந்து விரைவில் ஆறிவிடும்; தலைக்கு மேல் அடர்ந்த கிளைகள் இருந்தால் அந்த வெப்பம் வெளியேறுவதும் தடைபடுகிறது, காற்றும் தடைபடுகிறது. ஆகவே மாலை நேரத்தில் வந்து நிறுத்துபவர் சூரியன் மறையும் வரை நிழலில் நின்று, உறங்கப் போகும் முன் வண்டியைத் திறந்த வெளிக்கு நகர்த்திக்கொள்வது நல்லது.

எந்தத் திசையைப் பார்த்து நிறுத்துகிறோம் என்பதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. மே, ஜூன் மாதங்களில் சூரியன் நேர் கிழக்கில் உதிக்காமல் சற்று வடக்கே விலகி உதிக்கிறது. மறையும்போதும் மேற்குக்குச் சற்று வடக்கேதான் மறைகிறது. எனவே வண்டியின் முகத்தைத் தெற்குப் பார்க்க நிறுத்தினால், கேபினிலேயே மிகப் பெரிய கண்ணாடியான முன்கண்ணாடியில் காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக விழாது. நண்பகல் வெயில் ஏறத்தாழ உச்சியிலிருந்து இறங்குவதால், நிமிர்ந்து நிற்கும் லாரிக் கண்ணாடியை அது உரசிக்கொண்டுதான் போகும். இப்படி நிறுத்துவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கோடையில் தக்காணத்தின் உட்பகுதிகளில் பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று வருவதால், தெற்கு நோக்கி நிற்கும் வண்டியில் அது ஒரு கதவு வழியாக நுழைந்து மறு கதவு வழியாக வெளியேறும். நெல்லூர், ஓங்கோல் வழியாகச் செல்லும் கடலோரச் சாலையில் மாலைக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அங்கும் கதவுகள் கிழக்கும் மேற்குமாக அமைவதே வசதி.

தரையையும் பார்க்க வேண்டும். தார்த் தளமும் சிமென்ட் தளமும் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை கக்கிக்கொண்டே இருக்கும். மண் தரை அதைவிடச் சீக்கிரம் ஆறிவிடும். லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், காற்று வரும் பக்கத்துக் கடைசி வண்டியாக நிற்பவருக்கே காற்று கிடைக்கும். நடுவில் சொருகிக்கொண்டவருக்கு இரு பக்கத்து வண்டிகளின் என்ஜின் சூடுதான் கிடைக்கும். குளிர்பதனப் பெட்டி பொருத்திய வண்டியின் அருகே நிற்பதை அறவே தவிர்க்க வேண்டும். அதன் இயந்திரம் இரவு முழுவதும் இரைந்துகொண்டு, பெட்டிக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை நம் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்.

கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டு உறங்க வேண்டியிருப்பதால் திருட்டுப் பயத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் நல்ல காற்று வீசலாம். செல்போனும் டீசலும் காணாமல் போவதும் அங்கேதான். விளக்கும் கேமராவும் உள்ள பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, ஜன்னல்களில் கம்பி வலையும் அதன் மேல் கொசு வலையும் பொருத்திக்கொள்வது பாதுகாப்பானது. எண்ணெய் நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பங்க்குகள் சிலவற்றில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் ஓட்டுநர்களுக்கான படுக்கை அறை, குளியலறை, சமைத்துக்கொள்ளும் இடம் ஆகியவை இருக்கின்றன. பயணத்தைத் திட்டமிடும்போதே அவை எங்கெங்கே உள்ளன என்று பார்த்து வைத்துக்கொண்டால், கடும் வெயில் நாளில் ஓர் இரவாவது கட்டிலில் படுக்கலாம்.

என்ஜினும் கூரையும் கண்ணாடியும்

வண்டியை நிறுத்தி, என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ ஆறுவதற்காக ஓரிரு நிமிடம் ஐடிலில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் ஓடும் நிலையில்) விட்டு அணைத்த பிறகும், என்ஜின் கட்டையில் தேங்கிய சூடு மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கும். அணைத்தவுடன் பெர்த்தில், அதாவது கேபினுக்குள் உள்ள படுக்கையில், ஏறிப் படுப்பது அந்தச் சூட்டை முழுவதுமாக உடம்பில் வாங்கிக்கொள்வதாகும். இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, சமையல், சாப்பாடு, குளியல், டயர் தட்டிப் பார்ப்பது என்று கீழே உள்ள வேலைகளை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறினால் வித்தியாசம் தெரியும். சமையலையும் வெளியேதான் செய்ய வேண்டும். கேபினுக்குள் அடுப்பு மூட்டுவது தீ விபத்துக்கு வழி என்பது ஒருபுறமிருக்க, அது விடும் சூடும் நீராவியும் வெளியேற வெகுநேரமாகும்.

கியர் லிவரின் அடியில் இருக்கும் ரப்பர் உறையை ஒருமுறை விலக்கிப் பார்க்க வேண்டும். அது கிழிந்திருந்தால், கையை அருகில் கொண்டுபோனாலே அனல் அடிப்பது தெரியும். சில நூறு ரூபாயில் முடியக்கூடிய இந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் கூலருக்குச் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். என்ஜின் மூடியின் மேல் தடித்த ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டால் சூடு ஏறுவது மட்டுப்படும்.

முன்கண்ணாடியை உள்ளே திரை போட்டு மறைப்பதைவிட வெளியே மறைப்பது பல மடங்கு பயன் தரும். உள்ளே தொங்கும் திரையைத் தொடுவதற்குள் வெயில் கண்ணாடியைக் கடந்து கேபினுக்குள் வந்துவிட்டது. திரை சூடாகி அந்தச் சூட்டை உள்ளேதான் விடும். பழைய தார்ப்பாய்த் துண்டு ஒன்றைக் கண்ணாடியின் அளவுக்கு வெட்டி, மேல் விளிம்பைக் கூரைக் கம்பியில் கட்டி, கீழ் விளிம்பை வைப்பர்களின் அடியில் செருகினால் போதும். கூரைக்கு வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் அடிப்பதும், உட்கூரையில் அலுமினியம் ஒட்டிய நுரைத்தாளைப் பதிப்பதும் ஒருமுறை செய்து வைத்தால் பல கோடைகளுக்குத் தாங்கும்.

படுக்கையையும் மாற்ற வேண்டும். பெர்த்தின் ரெக்சின் உறை வியர்வையை வெளியேற விடாது. அதன் மேல் ஒரு கோரைப்பாயும், பாயின் மேல் மெல்லிய பருத்தி விரிப்பும் போட்டால் முதுகுக்கு அடியில் காற்று ஊடாடும்.

ஈரம் எங்கே உதவும்

ஈரத் துணி, ஈரச் சாக்கு, கூலர் ஆகிய எல்லாமே நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான் குளிர்ச்சி தருகின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் அதனோடு போய்விடுகிறது. ஆனால் காற்று வறண்டிருந்தால்தான் நீர் வேகமாக ஆவியாகும். காற்று 30 டிகிரியில், 30 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் அனந்தபூர் அல்லது அதிலாபாத் இரவில், ஈரத் துணி வழியாக வரும் காற்று கொள்கையளவில் 18 டிகிரியை ஒட்டி இறங்க முடியும். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் சென்னை அல்லது நெல்லூர் இரவில் அது 27 டிகிரிக்குக் கீழே இறங்காது. கூடவே கேபினுக்குள் கசகசப்பும் கூடிவிடும்.

ஆகவே தக்காணத்திலும், நாக்பூர் இருக்கும் விதர்பாவிலும் ஈரத்தை நம்பலாம். பொழுது சாயும் நேரத்தில் நனைத்த கோணிச்சாக்குகளைக் கூரை மேல் விரித்து, உறங்கும் முன் எடுத்துவிட்டால் தகரம் விரைவாக ஆறும். காற்று வரும் பக்கத்து ஜன்னலில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டையோ வெட்டிவேர்த் தட்டியையோ தொங்கவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மூடியிருந்தால் ஈரக்காற்று உள்ளேயே தேங்கிப் பயனற்றுப் போகும். கடலோரச் சாலையில் இவை எதையும் முயல வேண்டியதில்லை. அங்கே காற்றின் வேகம் ஒன்றுதான் துணை. விசிறியை உடம்பின் மீது நேராக வீசும்படி வைத்துக்கொள்வதே வழி.

பகல் உறக்கத்தில் விசிறியைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. நாக்பூரின் 43 டிகிரி வெயிலில் காற்று நம் தோலைவிடச் சூடாக இருப்பதால், உலர்ந்த உடம்பின் மீது விசிறியை வைத்தால் அது வெப்பத்தை நம் மீது கொட்டும். உடம்பையோ, போர்த்தும் துண்டையோ நனைத்துக்கொண்டுதான் அப்போது விசிறியைப் போட வேண்டும்.

பேட்டரிக் கணக்கு

லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. 25 வாட் எடுக்கும் 24 வோல்ட் விசிறி ஒன்று ஏறத்தாழ ஓர் ஆம்பியர்தான் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினாலும் எட்டு, ஒன்பது ஆம்பியர் ஹவருக்கு (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) மேல் போகாது. நல்ல நிலையில் உள்ள பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பலர் செய்யும் தவறு, 12 வோல்ட் கார் விசிறியை மலிவாக வாங்கி இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுப்பது. அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே வர, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி, சீக்கிரமே இரண்டும் கெடும். 24 வோல்ட் விசிறியே வாங்க வேண்டும். இல்லையென்றால் 24-12 கன்வர்ட்டர் வழியாக இணைக்க வேண்டும். எந்த ஒயரானாலும் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருப்பது கட்டாயம்.

என்ஜின் ஓடாமலே பேட்டரியில் இயங்கும் பார்க்கிங் ஏசி இப்போது பரவலாக விற்கப்படுகிறது. ‘இரவு முழுக்க ஓடும்’ என்ற கடைக்காரர் சொல்லை ஏற்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அது சராசரியாக 500 வாட் எடுத்தால் 24 வோல்ட்டில் ஏறத்தாழ 21 ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 168 ஆம்பியர் ஹவர் ஆகிறது. வண்டியோடு வரும் 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இதற்கு இடமே இல்லை. செல்ஃப் அடித்து என்ஜினைக் கிளப்புவதற்காகவே செய்யப்பட்ட அந்த ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும், காலையில் வண்டியும் கிளம்பாது. பார்க்கிங் ஏசி வாங்குவதென்றால் அதற்கென்று தனி லித்தியம் பேட்டரியும், என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து அதைச் சார்ஜ் செய்யும் தகுந்த கருவியும், வோல்ட் குறைந்தால் தானாக நின்றுவிடும் அமைப்பும் சேர்த்தே விலை கேட்க வேண்டும். முழு விலையைத் தெரிந்துகொண்ட பிறகு, மாதத்தில் பாதி இரவு வண்டியிலேயே கழிப்பவருக்கு அது தகும். வாரம் ஓரிரவு தங்குபவருக்கு நல்ல விசிறியும் மேலே சொன்ன ஏற்பாடுகளும் போதும் என்பதே என் எண்ணம்.

செய்யக் கூடாதவை

என்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டு உறங்குவதை எந்தச் சூழலிலும் பரிந்துரைக்க மாட்டேன். கனரக லாரி ஐடிலில் மணிக்கு ஒன்றரை முதல் மூன்று லிட்டர் டீசல் குடிக்கும் என்பதும், முதலாளியிடம் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதும் சிறிய தொல்லைகள். பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, கசியும் புகைக்குழாயிலிருந்தோ அருகில் நிற்கும் வண்டியிலிருந்தோ மூடிய கேபினுக்குள் சேர்ந்தால் உறக்கத்திலேயே உயிர் போகும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்ததற்கு, ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்ததே காரணமாகக் கண்டறியப்பட்டது. கொசுவர்த்திச் சுருளையும் மூடிய கேபினுக்குள் கொளுத்தக் கூடாது.

புழுக்கம் தாங்காமல் வண்டிக்கு அடியில் பாய் விரிப்பதும், சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) தூளி கட்டிக்கொள்வதும் காலங்காலமாக நடந்துவருகின்றன. தன் வண்டி நகராது என்பதற்கு ஹேண்ட் பிரேக்கையும் சக்கரக் கட்டையையும் நம்பலாம். ஆனால் இருட்டில் பின்னோக்கி வரும் அடுத்த வண்டியின் ஓட்டுநருக்கு, நம் வண்டிக்கு அடியில் ஒருவர் படுத்திருப்பது தெரியவே தெரியாது. லோடு மேல் தார்ப்பாயில் படுப்பதில் காற்று நன்றாகக் கிடைத்தாலும், உறக்கத்தில் புரண்டால் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து விழ வேண்டும். வெளியேதான் படுக்க வேண்டுமென்றால், ஆந்திரத்துக்கு வடக்கே தாபாக்களில் கிடைக்கும் கயிற்றுக் கட்டிலைக் கேட்டு வாங்கி, வண்டிகள் திரும்பாத ஓரத்தில் கொசு வலையோடு போட்டுக்கொள்ளலாம்.

உடம்புக்கு

உறங்கும் முன் குளித்துவிட்டு, முழுதாகத் துடைக்காமல் பருத்திக் கைலியோடு படுப்பது நல்ல உறக்கம் தரும். பகலில் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போயிருந்தால் நீர் போதவில்லை என்று பொருள். உப்பிட்ட மோர் குடிக்கலாம், அல்லது ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். மது உடம்பின் நீரை வெளியேற்றிவிடுவதோடு, சூடு மிஞ்சுவதை உணர விடாமலும் செய்துவிடும்.

கிளீனரோ பக்கத்து வண்டிக்காரரோ உளறினால், தள்ளாடினால், தொட்டால் அனலாகச் சுட்டால், எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை என்றால் அதை வெறும் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. வெப்பவாதம் தாக்கியிருக்கக்கூடும். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திராமல் சட்டையைக் கழற்றி, உடம்பெங்கும் நீரை ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஐஸோ நனைத்த துணியோ வைக்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் ஏறிவிடும் என்பதால், அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து வெளியிலிருந்து மட்டுமே குளிர்விக்க வேண்டும்.