ஆங்கிலத்தில் பொதுப்பெயரையும் தனிப்பெயரையும் பிரித்தறிவது எப்படி?

தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லாததால், காரைக்குடியையும் கடைத்தெருவையும் ஒரே வகையாக எழுதிப் பழகிய நமக்கு, ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது எளிதில் பிடிபடுவதில்லை. அந்த மொழியில் காமன் நவுன் எனப்படும் பொதுப்பெயரைச் சிறிய எழுத்திலும், ப்ராப்பர் நவுன் எனப்படும் பெயரைப் பெரிய எழுத்திலும் தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. ப்ராப்பர் நவுனைச் 'சிறப்புப்பெயர்' என்று மொழிபெயர்ப்பதுதான் நம் பிள்ளைகளைப் பெரிதும் தடுமாற வைக்கிறது என்பது என் கருத்து. தமிழ் இலக்கணத்தில் மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர். மா, பனை ஆகியவை இடுகுறிச் சிறப்புப்பெயர்கள். பறவை பொது, மரங்கொத்தி சிறப்பு. இதைப் படித்த பிள்ளை, ஆங்கிலத்தில் மாமரத்தைக் குறிக்கும் 'மேங்கோ' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது அதன் தவறன்று. ஆங்கிலத்தில் மாவும் பனையும் மரங்கொத்தியும் பொதுப்பெயர்களே. 'ப்ராப்பர்' என்ற சொல் 'தனக்கே உரிய' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே தனிப்பெயர் என்று சொல்வதே பொருந்தும்.

ஒரு சொல்லை எழுதும்முன், அது ஒன்றை 'இன்னது' என்று சொல்கிறதா, அல்லது அதைப் பெயர் சொல்லி அழைக்கிறதா என்று கேளுங்கள். வீடு, ஊர், கோயில், பணியாரம் ஆகியவை இன்னது என்று சொல்லும் பொதுப்பெயர்கள். கானாடுகாத்தான், தேவகோட்டை ஆகியவை அழைக்கும் பெயர்கள். 'ஒன்றே ஒன்றைக் குறித்தால் அது தனிப்பெயர்' என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமுள்ள நம் பக்கத்தில் ஒரே வகுப்பில் மூன்று மெய்யப்பன்கள் இருக்கலாம். மூவரையும் சேர்த்து 'த்ரீ மெய்யப்பன்ஸ்' என்று எழுதினாலும் முதல் எழுத்து பெரியதுதான், ஏனெனில் அந்தப் பெயர் எத்தகைய மனிதர் என்று சொல்வதில்லை, அழைக்க மட்டுமே செய்கிறது. மாறாக, நமக்குச் சூரியன் ஒன்றே ஆயினும் சாதாரண எழுத்தில் 'சன்' சிறிய எழுத்தில்தான் தொடங்கும்.

பொதுச்சொல் ஒன்று பெயரின் உறுப்பாகிவிடும்போது அதற்கும் பெரிய எழுத்து வந்துவிடும். 'ஹி ஸ்டடீஸ் அட் எ யுனிவர்சிட்டி' என்பதில் யுனிவர்சிட்டி பொதுப்பெயர்; 1985இல் நிறுவப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகத்தை எழுதும்போது 'அழகப்பா யுனிவர்சிட்டி' முழுவதுமே பெயர், ஆகவே இரு சொற்களுக்கும் பெரிய எழுத்து வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர் மிகுதியாகத் தவறுவது அடுத்த இடத்தில். 'பர்மா டீக்' என்பதில் பர்மா நாட்டின் பெயர், பெரிய எழுத்து. டீக் என்பது தேக்கு, பொதுப்பெயர், சிறிய எழுத்து. 'இட்டாலியன் மார்பிள்' என்பதில் முதற்சொல் பெயரடையே ஆயினும் நாட்டின் பெயரிலிருந்து பிறந்ததால் பெரிய எழுத்தைப் பெறும், மார்பிள் பெறாது. ஆத்தங்குடி டைலும் செட்டிநாடு சிக்கனும் இவ்வாறே: ஊருக்கும் வட்டாரத்துக்கும் பெரிய எழுத்து, கல்லுக்கும் கறிக்கும் சிறிய எழுத்து. ஆனால், உணவு விடுதிப் பட்டியலிலும் பெயர்ப்பலகையிலும் அழகுக்காக எல்லாச் சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்குவதுண்டு. அதைப் பார்த்துக் கடிதத்தில் எழுதக்கூடாது.

உறவுச்சொற்கள் இடத்துக்கேற்ப மாறும். 'மை க்ராண்ட்மதர்' என்றால் உறவைச் சொல்கிறோம், சிறிய எழுத்து. 'மை' இல்லாமல், பெயருக்குப் பதிலாக 'க்ராண்ட்மதர் இஸ் ஸ்லீப்பிங்' என்று எழுதினால் பெரிய எழுத்து. அப்பத்தாவை நாம் பெயர் சொல்லாமல் 'அப்பத்தா' என்றே கூப்பிடுவதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்.

கிழமை, மாதம், மொழி ஆகியவற்றின் பெயர்களுக்குப் பெரிய எழுத்து; கோடை முதலிய பருவங்களுக்குச் சிறியது. ஊர்ப்பெயருக்கு முன் பொதுவாக 'தி' வராது. வைகை போன்ற ஆற்றின் பெயருக்கு முன் வரும்.

இனி ஒரு வாக்கியத்தைச் சோதித்துப் பாருங்கள்: 'ஆன் ஃப்ரைடே மை அங்கிள் டுக் அஸ் ஃப்ரம் காரைக்குடி டு தி டெம்பிள் அட் பிள்ளையார்பட்டி.' ஃப்ரைடே, காரைக்குடி, பிள்ளையார்பட்டி ஆகிய மூன்றும் தனிப்பெயர்கள். அங்கிளும் டெம்பிளும் பொதுப்பெயர்கள். 'ஆன்' பெரிய எழுத்தில் தொடங்குவது வாக்கியத்தின் முதற்சொல் என்பதால் மட்டுமே. அதே டெம்பிளைக் 'கற்பக விநாயகர் டெம்பிள்' என்று எழுதினால் அப்போது அதற்கும் பெரிய எழுத்து.