ஹர் நோஃபில் கேர்கிவர் வேலைக்கு வருகிறீர்களா? முதல் ஷபாத்துக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜெருசலேமின் மேற்கு ஓரத்தில், மலைச்சரிவில் இருக்கிறது ஹர் நோஃப். அமெரிக்கா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்காவிலிருந்து குடியேறிய ஆசாரமான யூதக் குடும்பங்கள் இங்கே நிறைய. அதனால் ஹீப்ரூ தெரியாமலே, இருக்கிற இங்கிலீஷை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடலாம். பேச்சு முதல் நாளே புரிந்துவிடும், வீடு புரியத்தான் நாளாகும்.

வெள்ளிக்கிழமையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், யூதர்களின் வார ஓய்வுநாளான ஷபாத் அன்று மாலையே தொடங்கிவிடும். சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது ஊரெங்கும் சைரன் ஒலிக்கும், வீட்டுப் பெண்கள் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், அதிலிருந்து சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை அடுப்பு, சுவிட்ச், போன், கார் எதையும் தொட மாட்டார்கள். குளிர்காலத்தில் நாலு மணி வாக்கிலேயே சைரன் வந்துவிடும். அதற்குள் குளிப்பாட்டி, மாத்திரைகளை எடுத்து வைத்து, டிஷ்யூவைக் கூடக் கிழித்து அடுக்கிவிடுங்கள், கிழிப்பதும் அவர்களுக்குத் தடைதான். பிரிட்ஜுக்குள் எரியும் விளக்கை மறக்கவே கூடாது, கதவைத் திறந்ததும் அது எரியும்படி விட்டிருந்தால் அவர்களால் கதவைத் திறக்க முடியாது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். யூதரல்லாத நமக்கு இந்தத் தடைகள் இல்லை, ஆனால் தங்கள் வசதிக்காக "லைட்டைப் போடு" என்று நம்மிடம் நேராகச் சொல்வதும் அவர்களுக்குக் கூடாது. நான் வந்த புதிதில், அமெரிக்காவின் புரூக்ளினிலிருந்து வந்த, நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி, "எழுத்து சரியாவே தெரியல" என்றார். நானும் "ஆமாம் பாட்டி, வெளிச்சம் கம்மிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பிரார்த்தனைப் புத்தகத்தை மெல்ல மூடி மடியில் வைத்துக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஆகவே இப்படிப் போகிறபோக்கில் சொல்வதைக் காதில் வாங்குங்கள். நோயாளிக்குத் தேவை என்றால் வெளிப்படையாகவே கேட்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் எந்தத் தடையும் கிடையாது, யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே 101-ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்.

சமையலறையில் இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது, இரண்டுக்கும் பாத்திரம், ஸ்பாஞ்ச் எல்லாம் தனித்தனி, பல வீடுகளில் தொட்டிகூட இரண்டு. எது எதற்கு என்று முதல் நாளே கேட்டு, ஒரு துண்டு டேப்பில் தமிழில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். தப்பு நடந்துவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள், அவர்கள் ரப்பியை, அதாவது யூத மதகுருவை, கேட்டுச் சரிசெய்துகொள்வார்கள், மறைத்தால்தான் நம்பிக்கை போகும். மற்ற நாட்களில் நீங்கள் சமைக்கும்போது அடுப்பை வீட்டுக்காரர் கையாலேயே பற்றவைக்கச் சொல்லுங்கள். திறந்த ஒயின் பாட்டிலை நீங்கள் எடுத்து ஊற்ற வேண்டாம். இது தீண்டாமை மாதிரி நமக்குச் சுருக்கென்று தைக்கும், எனக்கும் தைத்தது. ஆனால் அதே மேசையில் எனக்குப் பக்கத்திலேயே இடம் போட்டு, இரவெல்லாம் சூட்டில் கிடந்து குழைந்த சோலண்ட் என்ற ஷபாத் குழம்பை முதலில் என் தட்டில்தான் பாட்டி வைப்பார். நம் ஊர் மீன்குழம்புக்கு ஏங்கினால் தனியாக ஒரு மின் அடுப்பும் சட்டியும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

சக்கர நாற்காலி, வாக்கர் வேண்டுமென்றால் வாங்கிவிடாதீர்கள், யாத் சாரா அமைப்பு முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தரும்.

கடைசியாக, உங்கள் வார ஓய்வு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றில் ஒன்றைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தால் வெள்ளி மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள், ஷபாத் தொடங்கும் முன்பே பஸ் நின்றுவிடும், பிறகு சனி இரவுவரை இங்கே ஓடாது.