மேடையில் வெளியூர்ப் பெயர்களைப் படிப்பவர்களுக்கு

ஏற்காட்டுக் கோடை விழாவிலோ சேலத்துக் கல்லூரி ஒன்றின் பட்டமளிப்பு விழாவிலோ ஒலிபெருக்கி முன் நின்று பெயர்ப் பட்டியலைப் படிக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், முதலில் கவனிக்க வேண்டியது உங்கள் நாக்கின் பழக்கத்தை, பட்டியல் பிறகுதான். அறிமுகமில்லாத பெயரை எந்த ஊர்க்காரரும் தம் பேச்சுவழக்குக்கு ஏற்பவே திரித்துச் சொல்கிறார். அந்தத் திரிபு ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது என்பதால், எங்கே பிசகும் என்று முன்கூட்டியே கண்டுகொள்ளலாம்.

நம் பேச்சில் எ, ஏ எழுத்துகளில் தொடங்கும் சொற்களுக்கு முன் மெல்லிய யகரமும், ஒகரத்துக்கு முன் வகரமும் ஒட்டிக்கொள்ளும். ஏற்காட்டை ஆங்கிலத்தில் ஒய் எழுத்தில் தொடங்கி எழுதுவதிலேயே அந்த யகரத்தைக் காணலாம். இதே பழக்கத்தில் எலெனா யெலெனா ஆவார். டேவிட் டேவிட்டு ஆவதும், ஸ்டீபன் இஸ்டீபன் ஆவதும் இவ்வகைதான். இவற்றுக்கு மெதுவாகப் படித்தாலே போதும்.

உண்மையான சிக்கல் வல்லினத்தில் இருக்கிறது. கௌசல்யாவின் முதலெழுத்து ‘கடல்’ என்பதில் வரும் ககரம். கௌரியின் முதலெழுத்தோ ‘அங்கு’ என்பதில் வரும் ககரம். பழகிய பெயர்கள் என்பதால் நாம் தடுமாறுவதில்லை. ஆனால் பருவா என்ற அசாமியக் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தால், பெரும்பாலோர் ‘பருவம்’ போலவே படிப்பார்கள். அங்கு வேண்டியது ‘அம்பு’ என்பதில் வரும் பகரம். ஆகவே தமிழில் எழுதிய பட்டியலில் இத்தகைய எழுத்துகளுக்கு அடிக்கோடிடுங்கள்.

ஆங்கிலப் பட்டியலில் வேறு வகைப் பொறி உண்டு. நாம் லதா என்று எழுதும்போது டி எழுத்தோடு எச் சேர்க்கிறோம். வடமாநிலத்தவர் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதனால் அமித் இங்கே அமிட் ஆகிறார், ரோஹித் ரோஹிட் ஆகிறார். அவர்களும் நம் செந்திலின் தகரத்தில் இல்லாத மூச்சை ஏற்றி அழைக்கிறார்கள் என்பதால், கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. ஐரோப்பியப் பெயர்களில் எழுத்தை அறவே நம்ப வேண்டாம். சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைத் தொடங்கி வைத்தவராக அறியப்படும் சேலம் ஆட்சியரை நாம் காக்பர்ன் என்றே எழுதிவருகிறோம். அந்த ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரின் வழக்கமான உச்சரிப்பு கோபர்ன்.

எனவே விழாவுக்கு முன்பே உரியவரிடம் சென்று, “உங்க பேரை ஒரு தடவை நீங்களே சொல்லுங்க, நான் எழுதிக்கறேனுங்க” என்று கேளுங்கள். எப்படி உச்சரிப்பது என்று கேட்டால் பலர் எழுத்துகளை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு, நெடில் குறில் கெடாமல் உங்கள் பாணியிலேயே எழுதிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சைக்கியா என்ற பெயரின் முதல் ஒலி அசாமில் ஹகரத்தை நெருங்கியது. ஆயினும் அவரே இங்கு சைக்கியா என்று சொல்லிக்கொண்டால், நீங்களும் அப்படியே சொல்வதுதான் முறை. அவருடைய ராகத்தையும் சேர்த்துப் பாடிக்காட்ட வேண்டியதில்லை. அது கேலி போலாகிவிடும்.

மேடையில் கடினமான பெயருக்கு முன் தயங்கிச் சிரிப்பதை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். யாராவது திருத்தினால், அதே ஒலிபெருக்கியில் பெயரை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழையுங்கள்.