டீப் பர்ப்பிளை மேடையில் காணச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நிகழ்ச்சிக்கு இன்று செல்பவர்களில் பலர், 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ இசைத்தட்டை மனத்துக்குள் ஓடவிட்டபடியே அரங்கில் நுழைகிறார்கள். ஏமாற்றத்துக்கு அதுவே முதல் காரணம். அந்தப் பதிவின்போது பாடகர் இயன் கில்லனுக்கு 27 வயது நிரம்பச் சில நாட்கள் இருந்தன; இப்போது அவர் எண்பதைத் தொட்டுவிட்டார். ‘சைல்ட் இன் டைம்’ பாடலின் உச்சஸ்தாயி அலறல்கள் தம் குரலுக்கு இனி எட்டாது என்ற நிலையில், 2002க்குப் பிறகு குழு அதை மேடையில் இசைப்பதில்லை. சுருதியைக் குறைத்து ஒப்பேற்றுவதைவிட இது நேர்மையானது என்பேன். ஆகவே அந்தப் பாடலைக் கேட்டுக் கூச்சலிடுவதில் பயனில்லை.

“பழைய ஆட்கள் யாரும் இல்லையே” என்ற குறையும் கணக்குத் தெரியாமல் சொல்லப்படுவதுதான். ‘மெஷின் ஹெட்’ இசைத்தட்டை உருவாக்கிய ஐவரில் கில்லன், பேஸ் கிதார் வாசிக்கும் ரோஜர் குளோவர், டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் ஆகிய மூவர் இன்னும் மேடையில் இருக்கிறார்கள். அந்தப் புகழ்பெற்ற ஐவரிலேயே 1968இல் குழுவைத் தொடங்கியவர்கள் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் கலைஞர் ஜான் லார்டு, பெய்ஸ் ஆகிய மூவர்தாம்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, தனி வாசிப்பு தொடங்கியதும் பீர் வாங்க எழுந்து போகும் வழக்கம். கில்லன் அவ்வப்போது மேடையை விட்டு விலகுவதைக் களைப்பு என்று எண்ணுகிறார்கள். ஆனால் நீண்ட வாத்திய வாசிப்பு இக்குழுவின் இயல்பு, ‘மேட் இன் ஜப்பான்’ தட்டில் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ ஏறக்குறைய இருபது நிமிடம் நீள்கிறது. ஜான் லார்டுக்குப் பின் 2002 முதல் ஹாம்மண்ட் ஆர்கன் என்ற மின் விசைப்பலகையில் அமரும் டான் ஏரி, தம் தனி வாசிப்பில் அந்தந்த நாட்டு மக்களுக்குப் பழகிய மெட்டு ஒன்றைக் கோத்துவிடுவது வழக்கம். வரிசையில் நிற்பவர்கள் தவறவிடுவது அதைத்தான். 2022இல் வந்த கிதார் கலைஞர் சைமன் மெக்பிரைடையும் ரிச்சி பிளாக்மோரின் நகலாக எதிர்பார்க்காமல் கேட்க வேண்டும்.

காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். 1972 லண்டன் நிகழ்ச்சியில் அளக்கப்பட்ட 117 டெசிபலுக்காகக் கின்னஸ் புத்தகத்தில் உலகின் மிக உரத்த குழுவாக இடம்பெற்றவர்கள் இவர்கள்.

கடைசியாக, ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தை நோக்கி விரைய வேண்டாம். அதற்குப் பிறகு குழு மீண்டும் மேடையேறி, பெரும்பாலும் ‘ஹஷ்’ பாடலை வாசிக்கும். 1968இல் அமெரிக்காவில் இவர்களுக்கு முதல் வெற்றியைத் தந்த பாடல் அது. அன்று அதற்கு டிரம்ஸ் வாசித்த பெய்ஸ்தான் இன்றும் அதே இருக்கையில் அமர்ந்து வாசிக்கிறார்.