ஈமு குஞ்சுக்குக் கால் கோணினால்

ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறைப் பக்கம் ஈமு என்றாலே, அந்த ஆஸ்திரேலியப் பெரிய பறவையின் பேரைக் கேட்டாலே, இன்றும் முகத்தைச் சுளிப்பார்கள். 2012-இல் ஈமு பண்ணை மோசடியில் பணத்தை விட்டவர்கள் அத்தனை பேர். எங்களிடம் மிஞ்சியது இரண்டு ஜோடி. துரத்திவிட மனசு வராமல் வைத்துக்கொண்டோம். முட்டை வைத்தன, ஐம்பது நாள் போலக் குஞ்சும் வந்தது.

முதல் ஈடு ஏழு குஞ்சு. சுத்தமாக இருக்கட்டும் என்று பெட்டியில் செய்தித்தாள் விரித்தேன். அதுதான் தப்பு. மூன்றாம் நாள் காலை ஒரு குஞ்சு, நெஞ்சு தரையில் பட, பக்கத்துக்கு ஒரு காலாக விரித்துத் தவளை மாதிரிக் கிடந்தது. எழப் பார்க்கும், வழுக்கும், இன்னும் விரியும். இரண்டே நாளில் மேலும் இரண்டு அதே மாதிரி.

ஆகவே மருந்துக்கு ஓடுமுன் தரையைப் பாருங்கள். உமி பரப்பி, அதன்மேல் புதுச் சணல் சாக்கைச் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்து, ஓரத்தில் செங்கல் வையுங்கள். வெறும் உமியாக விட்டால் கொத்தித் தின்றுவிடும். சாக்கில் தொங்கும் நூலை ஒன்றுவிடாமல் நறுக்கிவிடுங்கள், விரலில் சுற்றிக்கொள்ளும். மூன்று வாரம் வரை இந்த ஏற்பாடுதான்.

விரிந்த காலை முதல் ஓரிரு நாளிலேயே கட்ட வேண்டும். ஒரு அங்குல அகலக் கிரேப் பேண்டேஜ் போதும். பின்பக்கம் மடியும் மூட்டுக்குச் சற்றுக் கீழே, எட்டு வடிவில் இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றுங்கள். நடுவில் எவ்வளவு இடைவெளி? நன்றாக நிற்கும் இன்னொரு குஞ்சைப் பார்த்து அதே அளவு விடுங்கள். கட்டுக்குள் தீக்குச்சி தாராளமாக நுழைய வேண்டும். தினம் அவிழ்த்து வீக்கம் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி கட்டுங்கள். தீவனத்துக்கும் தண்ணீருக்கும் நீங்களே தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும். நாலைந்து நாளில் தெரிந்துவிடும். எனக்கு இரண்டு தேறின. தாமதமாகக் கட்டியது தேறவில்லை.

முறுக்குக் கால் வேறு சங்கதி. கொஞ்சம் வளர்ந்த பிறகு வரும்; பாதம் வெளிப்பக்கம் திரும்பும், எலும்பே முறுக்கியிருக்கும். கட்டிப் பிரயோஜனமில்லை. பிராய்லர் தீவனம் போட்டுக் கொழுக்க வைத்து, ஓட இடம் தராவிட்டால் உடம்பு முந்தும், கால் பிந்தும். புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். வெயில் ஏறியதும் வெளியே விடுங்கள், நாற்பது அடியாவது நேராக ஓடட்டும்.

மூட்டு வீங்கி, அதன் பின்னால் ஓடும் தசைநாண் பக்கவாட்டில் நழுவியிருந்தால், தீவனத்தில் மாங்கனீசு, கோலின் என்ற சத்துகள் குறைவாக இருக்கலாம். உடனே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். கால் கோணியதுமே கால்சியம் டானிக்கை ஊற்றுகிறவர்கள் உண்டு. அளவு மீறினால் மாங்கனீசு உடம்பில் சேருவதையே அது கெடுக்கும்.

பின்னொரு ஈட்டில் முறுக்குக் காலோடு ஒன்றை இரண்டு மாதம் தூக்கித் தூக்கி வளர்த்தேன். நெஞ்சில் புண் வந்ததுதான் மிச்சம். இப்போதாக இருந்தால் முதல் வாரமே டாக்டரிடம் கொண்டுபோய் உயிரை முடித்துவிடச் சொல்லியிருப்பேன்.