லண்டனில் சாரிட்டி ஷாப்: எந்தத் தெருவுக்குப் போவது?

செப்டம்பரில் லண்டனுக்குப் படிக்க வருகிறவர்கள், அக்டோபர் கடைசியில் குளிர் பிடித்ததும் கேட்பது ஒன்றுதான்: "நல்ல கோட் எங்கே மலிவாகக் கிடைக்கும்?" சாரிட்டி ஷாப்புக்கு, அதாவது தொண்டு அமைப்புகள் நிதி திரட்ட நடத்தும் பழைய பொருள் கடைக்குப் போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் எந்தத் தெரு என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இந்தக் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நன்கொடையாக வந்தவை. அந்த வீடுகளில் யார் இருக்கிறார்களோ, அவர்களுடைய அலமாரிதான் கடைக்கு வருகிறது. பெரிய அமைப்புகள் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குச் சரக்கை மாற்றுவதும் உண்டு. ஆனாலும் வட்டாரத்தின் சாயல் தெரியத்தான் செய்யும்.

படி 1: என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

மூன்று பொருள் போதும். பட்டியல் இல்லாமல் போனால் பை நிறையும், ஆனால் கோட் மட்டும் இருக்காது.

படி 2: பொருளுக்கு ஏற்ற வட்டாரம்

குளிர்கால கோட், கம்பளி ஸ்வெட்டர், தோல் காலணி வேண்டுமென்றால், வசதியானவர்கள் நெடுநாளாகக் குடியிருக்கும் பகுதிகளுக்குப் போங்கள். மஸ்வெல் ஹில், சிஸிக், விம்பிள்டன் மாதிரி. அங்கே கொஞ்சம்தான் உடுத்திய நல்ல கோட்டுகள் வரும்.

"அப்படியானால் பணக்காரப் பகுதியான செல்சிக்கே போகலாமே?" என்று தோன்றும். அங்கே ஓல்ட் சர்ச் ஸ்ட்ரீட்டில் உள்ள பிரிட்டிஷ் ரெட் கிராஸ் கடைக்குப் பெரிய டிசைனர் பெயர்களைத் தேடியே ஆட்கள் வருகிறார்கள். விலை போடுகிறவர்களுக்கும் அந்தப் பெயர்களின் மதிப்பு நன்றாகத் தெரியும். பார்த்துவிட்டு வரலாம். முதல் கோட் வாங்க அது இடமில்லை.

குழந்தைத் துணி, பொம்மை, கதைப் புத்தகம் வேண்டுமா? இளம் குடும்பங்கள் நிறைந்த இடம் பாருங்கள். பேட்டர்சியில் நார்த்கோட் ரோட்டைச் சுற்றிய பகுதிக்கு 'நாப்பி வேலி' (டயப்பர் பள்ளத்தாக்கு) என்றே பெயர்; தள்ளுவண்டி இல்லாத அம்மாவைக் காண்பது அரிது. குழந்தைகள் சட்டென்று வளர்ந்துவிடுவதால் சில மாதமே போட்ட உடுப்புகள் கடைக்கு வந்துவிடும்.

சட்டி, தட்டு, கோப்பை போன்றவற்றுக்குத் தூரம் போக வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையே போதும்.

படி 3: ஒரே தெருவில் பல கடைகள்

நன்கொடைப் பொருளை விற்கும் சாரிட்டி கடைகளுக்கு வணிகச் சொத்து வரியில் 80 சதவீதச் சலுகை உண்டு. ஹை ஸ்ட்ரீட் எனப்படும் பெரிய கடைத்தெருவின் வாடகையை அவை தாக்குப்பிடிக்க அது ஒரு காரணம். அதனால் ஒரே தெருவில் நான்கைந்து கடைகளைப் பார்க்கலாம். வரைபடத்தில் 'சாரிட்டி ஷாப்' என்று தேடி, கொத்தாகப் புள்ளிகள் விழும் தெருவாகப் பார்த்துப் போங்கள். பேருந்தே நல்லது: ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரு கட்டணம்தான்.

படி 4: தெருவுக்குள் எந்தக் கடை

என் ஓட்டு உள்ளூர் ஹாஸ்பிஸ் கடைகளுக்கு. ஹாஸ்பிஸ் என்பது தீராத நோயோடு இருப்பவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம். தென்கிழக்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் (சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் தொடங்கியது), ஹாரோ பக்கம் செயின்ட் லூக்ஸ், கிளாப்பமில் ராயல் டிரினிட்டி (1891-இல் தொடங்கப்பட்டது). அங்கே கவனிக்கப்பட்டவரின் குடும்பம் நன்றியோடு வீட்டுப் பொருள்களைக் கொண்டுவந்து கொடுக்கும். நல்ல பீங்கான், நல்ல கம்பளி கிடைக்கும். நான் பார்த்தவரை விலையும் நியாயம். பேரம் மட்டும் பேசாதீர்கள். அந்தப் பணம் ஒருவரின் கடைசி நாள்களுக்குப் போகிறது.

புத்தகத்துக்கு மரிலபோன் ஹை ஸ்ட்ரீட்டில் ஆக்ஸ்ஃபாம் புத்தகக் கடை. சோபா, கட்டில், மின்சாதனம் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனின் பெரிய கடைகள். மெத்தை வைத்த இருக்கை எதுவானாலும், தீப்பாதுகாப்பு லேபிள் அதில் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாததைச் சாரிட்டி கடைகள் பொதுவாக விற்பதில்லை. மின்சாதனத்தில் சோதனை செய்த ஸ்டிக்கர் இருக்க வேண்டும்.

படி 5: நாள்

வார இறுதியில் வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் பைகளைக் கொண்டுவந்து தருகிறார்கள். அவற்றைப் பிரித்து, விலை ஒட்டி மாட்ட ஓரிரு நாள் ஆகும். அதனால் நான் செவ்வாய், புதன் காலையில் போவேன். கடைக்குக் கடை இது மாறும். "புதுச் சரக்கு எப்போது மாட்டுவீர்கள்?" என்று கல்லாவில் இருக்கும் தன்னார்வலரிடம் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதில்லை.

படி 6: பணம் கொடுக்கும் முன்

ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். கோட்டின் உள்துணியைத் தடவிப் பாருங்கள். போட்டுப் பார்க்கும் அறை இல்லாத கடைகள் உண்டு. உள்ளே மெல்லிய சட்டை போட்டுப் போனால் அங்கேயே மேலே மாட்டிப் பார்க்கலாம். திருப்பித் தர முடியுமா என்று கேட்டுவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பளியை மட்டும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முதல் ஆண்டில் நான் வாங்கிய ஸ்வெட்டரில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் இருந்ததைக் கவனிக்கவில்லை. அந்துப்பூச்சி. ஒரு மாதத்தில், அம்மா ஊரிலிருந்து அனுப்பிய சால்வைக்கும் பரவிவிட்டது. அப்புறம் தான் தெரிந்துகொண்டேன்: எந்தக் கம்பளியையும் வாங்கிய அன்றே பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். அதன் பிறகே அலமாரிக்குள் போகலாம். எனவே கோட்டைக் குளிர் வந்த பிறகு தேடாதீர்கள். செப்டம்பர் கடைசியிலேயே வாங்கிவிடுங்கள்.